எரித்த குற்றம், எரிக்காத குற்றம்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு முறைப்பாட்டின் பேரில் அறிவித்தல் கொடுப்பதற்கு முன், அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதில் குற்றம் தெரிந்தால்தான் அறிவித்தல். பார்ப்பது, எழுதுவது, கொடுப்பது என்ற இந்த வரிசை மாறக் கூடாது.

இதை நான் நேற்றுப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உள்ளூராட்சி அலுவலகங்களில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வரிசை பிசகிய கோப்புகளைச் சிவப்புப் பேனாவால் கோடிழுத்து எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு விசயத்தில் கொடுப்பது முதலில் நடந்தது. எழுதுவது எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பார்ப்பது நடக்கவே இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் இடமாற்றச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஹட்டன் வாசகி ஒருவர், "ஓய்வுக்குப் பிறகாவது நிம்மதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். நிம்மதியாகத்தான் இருந்தேன், சமையலறைக் கழிவை மரச்சீவலோடு சேர்த்து உக்க வைக்கத் தொடங்கும் வரைக்கும்.

வாளியோடு வந்தவர்

அன்று காலை என்னை எழுப்பியது தண்ணீர் கொட்டுகிற சத்தம். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் முனையில் இருக்கும் பீலிக் குழாயில் தண்ணீர் விழுவது எப்போதும் ஒரே சீராகக் கேட்கும். இது 'சளார்' என்று விழுந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'சளார்'.

மாசி மாதத்துப் பனி. எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலைக்கும் லிந்துலைக்கும் நடுவில், ரயில் சத்தம் கேட்கும் ஆனால் ரயில் தெரியாத ஒரு மடிப்பில் இருக்கிறது. அந்த மாதத்தில் விடிந்த பிறகும் புல்லில் வெள்ளை படிந்திருக்கும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் போனேன்.

என் குவியலின் மேல் எங்கள் டிவிசன் கண்டாக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் அவர். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்கு இரண்டு படி கீழே, மற்ற எல்லோருக்கும் நாலு படி மேலே. கம்பளிக் குல்லாய், நனைந்த சப்பாத்து. பீலிக்கும் குவியலுக்குமாக ஓடி ஓடி அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னாங்க செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"நெருப்பு அணைக்கிறேன். தேயிலைக்குப் பக்கத்துல குப்பய எரிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? படிச்சவங்க."

"எங்க நெருப்பு?"

"பொக வருதே, பாருங்க!"

"அது பொக இல்லீங்க. உள்ளுக்குச் சூடு, வெளிய பனி. அதான் ஆவி பறக்குது. இட்லிச் சட்டியில வருமே, அது மாதிரி."

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பிராவில் இருக்கும் மாரியாயி விளக்குமாற்றோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஆபீசக்கா, ஒரு தட்டு இட்லி ஊத்தி உள்ளுக்கு வச்சிருவமா? கண்டாக்கையா சாப்பிட்டுப் போவாரு."

லயத்தில் எனக்கு 'ஆபீசக்கா' என்றுதான் பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள். அது உத்தியோகத்துக்குக் கொடுத்த மரியாதை, வயதுக்கு இல்லை.

நான் மேல்சீவலை ஒதுக்கிவிட்டு முழங்கை வரை கையைக் குவியலுக்குள் விட்டேன். குளிர் காலையில் அதைவிடச் சுகம் இல்லை. கையில் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புத் தூளைக் காட்டினேன். சாம்பல் இல்லை, கங்கு இல்லை. மழை பெய்த காட்டின் வாசம்தான் வந்தது.

"நீங்களும் கைய விட்டுப் பாருங்க."

கண்டாக்கு கையை விடவில்லை. கைத்தடியின் நுனியால் குத்தி எடுத்து, அந்த நுனியைத் தொட்டுப் பார்த்தார். "சுடுதே. சூடு இருந்தா நெருப்பு இருக்குன்னு அர்த்தம்."

அந்த வாதத்தின்படி, என் தங்கை ராஜேஸ்வரியின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையிலும் நெருப்பு இருந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போகும் உடுப்போடு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கண்டாக்கு பேசும்போது அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மேலே போனது. லயத்துக்கு நேர் மேலே பழைய தொரை பங்களா இருக்கிறது. இப்போது அதில் தொரை இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிறார்கள். காலையில் பனி பார்ப்பதற்காகப் புல்தரையின் விளிம்புக்கு வந்து நிற்பார்கள். அங்கிருந்து பார்த்தால் முதலில் தெரிவது எங்கள் பின்பக்கம்.

சூடாகாத குவியல்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்திய அந்த வருசத்தில் நான் உத்தியோகத்தில்தான் இருந்தேன். எல்லா அலுவலகமும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாதிரிக் குவியல் ஒன்று கட்ட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் முற்றத்துக்குப் பதாகை முதலில் வந்தது, குத்துவிளக்கு இரண்டாவதாக வந்தது, குவியலுக்கான புல் கடைசியாக வந்தது.

பெரியவர்கள் நாடா வெட்டி, ஆளுக்கு ஒரு மண்வெட்டி பச்சைப் புல்லை அள்ளிப் போட்டார்கள். படம் எடுத்தார்கள். வடை சாப்பிட்டார்கள்.

அந்தக் குவியல் ஒரு நாளும் சூடாகவில்லை. பச்சையை மட்டும் கொட்டினால் அது தன் பாரத்தில் தானே அமுங்கும். காற்றுப் போகாது. சளசளத்து நாறும். நாறியது. கணக்குப் பிரிவில் மழைக்கும் திறந்திருக்கும் ஜன்னலை வெயிலில் மூடினார்கள். முன்னேற்ற அறிக்கையில் 'திருப்திகரம்' என்று போனது.

ஓய்வு பெற்று ராஜேஸ்வரியோடு வந்து தங்கியபோது எனக்கு அந்த நாற்றம் நினைவில் இருந்தது. ஆனால் வீட்டுக் கழிவை என்ன செய்வது? லீக்ஸ் தாள், உருளைக்கிழங்குத் தோல், கோவா என்கிற முட்டைக்கோசின் வெளி இலை, தேங்காய்ச் சக்கை, வடித்த தேயிலை. முன்பு மாடு வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது எங்கள் லயத்தில் மாடு இல்லை. எல்லாம் வடிகால் கானுக்குள் போகும். மழை வந்தால் கான் அடைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பி வரும்.

குப்பை எடுக்கும் டிராக்டர் பிரதான வீதியோடு திரும்பிவிடும். தோட்டத்துக்குள் வராது. ஏன் என்று கேட்டால் பாதை தோட்டத்துக்குச் சொந்தம் என்பார்கள். குப்பையை எடுக்க வர முடியாத அதே பாதையில் குப்பைக்கு அறிவித்தல் கொடுக்க மட்டும் ஒருவரால் வர முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு துண்டுப் பிரசுரத்தை முழுதாகப் படித்தேன். படிப்பவர்கள் குறைவு என்பதால்தான் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வாளி கழிவு போட்டால் அதற்கு மேல் இரண்டு வாளி மரச்சீவல் போட வேண்டும் என்று இருந்தது. கழிவு ஈரம், மரம் உலர்வு. சீவல் சீவலாக இருப்பதால் நடுவில் இடைவெளி விட்டுக் காற்றைப் பிடித்து வைக்கும். ஈரத்தையும் குடிக்கும். கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிட்டால் ஈயும் வராது, நாயும் வராது. மீன் முள்ளை மட்டும் போடக் கூடாது. போட்டால் இரவில் காட்டுப்பன்றி வந்து குவியலைப் பரிசோதனை செய்யும். பன்றியாவது நேரில் வருகிறது.

அடுப்புக்கு வந்த குச்சி

மரத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் மிலாறு இருந்தது.

தேயிலைச் செடியைச் சில வருசத்துக்கு ஒருமுறை தணித்து வெட்டி விடுவார்கள். அது கவ்வாத்து. வெட்டி விழுகிற குச்சிதான் மிலாறு. கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு பொறுக்குவது லயத்துப் பெண்களின் உரிமை. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எந்தத் தொரையும் மறுத்தது கிடையாது. வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டு வருவார்கள். கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால் மழைக்காலம் முழுக்க அடுப்பு எரியும். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில், காஸ் அடுப்பை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு எல்லாரும் மிலாறுக்கே திரும்பினார்கள்.

ராஜேஸ்வரி சுமந்து வந்த கட்டில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டையில் வைத்து, கத்தியால் விரல் நீளத்துக்குத் துண்டு போட்டேன். அதோடு ஃபெக்டரி விறகு முற்றத்தில் கோடாரி அடியில் சிதறிக் கிடக்கும் யூகலிப்டஸ் சீவலையும் கூட்டிச் சாக்கில் அள்ளி வந்தேன்.

முதலில் எதிர்ப்புத் தெரிவித்தது தோட்டம் இல்லை, தங்கைதான்.

"நான் கழுத்து ஒடியச் சொமந்துகிட்டு வாறேன். நீ நொறுக்கி நொறுக்கி மண்ணுல போடுற. பென்சன் வந்ததும் ஒனக்குப் புத்தி போயிருச்சா அக்கா?"

"பொறுத்துப் பாரு."

"என்னாத்தப் பாக்குறது? அடுப்பு அணைஞ்சி கெடக்குறதையா?"

அவள் பார்த்தது அடுத்த போகத்தில். குவியலில் இருந்து வந்த முதல் கறுப்பு மண்ணை அவளுடைய லீக்ஸ் பாத்தியில் ஒரு வரிசைக்கு மட்டும் போட்டேன். அந்த வரிசை மற்றதைவிட விரலளவு தடித்தது. அதற்குப் பிறகு ராஜேஸ்வரி மிலாறு கட்டை இறக்கும்போதே இரண்டாகப் பிரித்து இறக்கினாள். ஒன்று அடுப்புக்கு, ஒன்று மண்ணுக்கு.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. லயத்துக்குப் பின்னால், ஓடை வரை இறங்கும் ஒரு சரிவுத் துண்டு. ராஜேஸ்வரி கல்யாணமாகி வந்த காலத்தில் அது மானாப்புல்லும் கல்லும். அவளும் அவள் புருசனும் சேர்ந்து கல்லைப் பெயர்த்துச் சுவர் கட்டித் தட்டுத் தட்டாக ஆக்கினார்கள். புருசன் போய்ச் சேர்ந்தபிறகு அவள் தனியாகச் செய்தாள். லீக்ஸ், போஞ்சி, நோக்கோல், ஓரத்தில் கறிவேப்பிலை. அவளிடம் அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. லயத்தில் யாருக்கும் எதற்கும் காகிதம் கிடையாது.

வயதுக் கணக்கில் அவள் பெயர் தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் இருந்து வெட்டப்படுவதற்கு இன்னும் ஒரு வருசம்கூட இல்லை. அதற்குப் பிறகு கொழுந்து இல்லை, கூலிக்கு நாள் பெயர் இல்லை. அவளுக்கென்று மிச்சம் இருக்கப்போவது அந்தச் சரிவு மட்டும்தான். இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், வந்து கூப்பிடுகிறார்கள். "கொழும்புல எனக்கு என்னா இருக்கு, படிக்கட்டுதான் இருக்கு" என்பாள்.

இரண்டு உறைகள்

வாளிச் சம்பவத்துக்குக் கொஞ்ச நாள் கழித்து பிரதேச சபையில் இருந்து ஒரு சிப்பந்தி அறிவித்தலை உறையில் கொண்டுவந்து கொடுத்தார். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு அறிவித்தல் வரும்.

திறந்த வெளியில் குப்பையை எரித்து அயலவருக்கும் சூழலுக்கும் தொந்தரவு விளைவித்ததாகவும், இரண்டு வாரத்துக்குள் குவியலை அகற்றி நிலத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

முன்பிருந்த நிலை என்றால் என்ன? கண்டாக்கு வந்து விளக்கம் சொன்னார். "முன்னுக்கு அங்க தோட்டம் இருக்கல்ல. புல்லுதான் இருந்திச்சி. புல்லா ஆக்கிக் குடுத்துட்டா தொரைக்கும் பிரச்சின இல்ல, பங்களாவுக்கும் பிரச்சின இல்ல. வேலி போட்டுப் பூ நடுவாங்க."

"பேத்தெடுத்த கல்லத் திரும்பக் கொண்டாந்து பொதைக்கணுமா, இல்ல புல்லு மட்டும் போதுமா?" என்று ராஜேஸ்வரி கேட்டாள். அன்றுதான் இந்த விவகாரத்தில் அவள் முதல் தடவை வாயைத் திறந்தாள்.

"நக்கல் பேசாத ராஜேஸ்வரி. இன்னும் கொஞ்ச நாள்ல உன் பேரையும் வெட்டிருவாங்க. வேல செய்யாத ஆளுக்குத் தோட்டத்து மண்ணு எதுக்கு?"

அவள் முகம் அன்று மாறிய மாதிரி நான் இதற்கு முன்பு ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அவள் புருசன் போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில்.

அடுத்த வாரம் இரண்டாவது உறை வந்தது. இது தோட்ட அலுவலகத்தில் இருந்து. அடுப்பெரிக்கும் தேவைக்காக அனுமதிக்கப்படும் மிலாறை எரிக்காமல் வேறு தேவைக்குப் பயன்படுத்தியதாக ராஜேஸ்வரியின் பேரில் குற்றம். அதனால் இனிமேல் அவளுக்கு மிலாறு கிடையாது. லயத்தின் பின்பக்கத் துண்டையும் நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பிறகு சிரித்தேன். ராஜேஸ்வரி பயந்துபோனாள்.

"என்னா அக்கா?"

"சபை சொல்லுது, எரிச்சது குத்தமாம். தோட்டம் சொல்லுது, எரிக்காதது குத்தமாம். ரெண்டும் ஒரே குச்சி. ரெண்டுக்கும் ஒரே தண்டன."

"அப்ப நாம என்னாதான் செஞ்சிருக்கணும்?"

"பாதிய எரிச்சிருக்கணும்போல."

"அதத்தானே நான் செய்யிறேன், அடுப்புல!"

மாரியாயி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் கொடுத்தாள். காம்பிராச் சுவர் கூரைவரை போகாது. எங்கள் வீட்டில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. "எரிக்காட்டியும் குத்தம், எரிச்சாலும் குத்தம்னா, எரிச்சிட்டே குத்தவாளியா இருப்போமே. சோறாவது வேகும்."

எங்கே தூங்கும் என்று தெரியும்

மேன்முறையீடு எழுதினேன். ஒரு பக்கம்தான். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் எந்த அலுவலகத்திலும் கடைசிப் பக்கத்தில் இருந்து படிப்பார்கள். பரிசோதகர் எந்தத் தேதியில் வந்து பார்த்தார், அவருடைய அறிக்கையின் பிரதி எங்கே என்று கேட்டேன். இரண்டு உறைகளின் பிரதியையும் இணைத்து, ஒரே குவியல் எரிந்ததா எரியவில்லையா என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்து அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டேன். பணிவு என்ற சொல்லை நான் எப்போதும் விடுவதில்லை. அது அவர்களை மிகவும் எரிச்சலூட்டும்.

சபைக்கு நேரில் கொண்டுபோனேன். கருமபீடத்தில் ஒரு சிங்களப் பையன். வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான்.

"கிடைத்ததற்கு முத்திரை வேண்டும்," என்றேன் சிங்களத்தில்.

"பிறகு தபாலில் வரும் மிஸ்."

"தபாலில் வருவது பதில். முத்திரை இப்போதே வருவது. மேசையின் இடதுபக்க இரண்டாவது லாச்சியில் இருக்கும்."

அவன் லாச்சியைத் திறந்தான். இருந்தது. அதற்குப் பிறகு எழுந்து நின்று பேசினான்.

முத்திரை கிடைத்ததோடு பாதி வேலை முடிந்தது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அறிவித்தலை நடைமுறைப்படுத்த முடியாது. பதில் போட்டால் அவர்கள் பரிசோதனை நடக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பதில் போடாவிட்டால் குவியல் அப்படியே இருக்கும். என் கடிதம் எந்த அலமாரியில், எந்தக் கோப்புக்கு அடியில் தூங்கும் என்றுகூட எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கடிதங்களை எழுப்புவதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

நினைவூட்டல் அனுப்பினேன், பதிவுத் தபாலில். பிறகு இன்னொன்று. சித்திரை போனது, ஆடிமாத மழை போனது. குவியல் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருந்தது. கோவா இலை முதலில் காணாமல் போனது, பிறகு தோல்கள். மிலாறுத் துண்டுகள் கடைசியில்தான் மெத்தென்று உடைந்தன. சபை மட்டும் உக்கவில்லை.

தோட்டம் மிலாறை நிறுத்தியது. கவ்வாத்து மலைக்கு ராஜேஸ்வரி போனபோது, ஒரு கட்டைத் தலையில் தூக்கி வைக்கும் நேரத்தில் கண்டாக்கு வந்து இறக்கச் சொன்னார். இறக்கினாள். அன்று சாயந்திரம் எங்கள் கூரைக்குக் கீழே ஆறேழு சின்னக் கட்டுகள் கிடந்தன. மாரியாயி கட்டின் முடிச்சு எனக்குத் தெரியும், சேலைக் கரையால் கட்டுவாள். மற்றவை யாருடையவை என்று கேட்கவில்லை.

கம்பிச் சுருள்

மார்கழியில் பங்களாவுக்கு ஆட்கள் அதிகம். நிர்வாகத்துக்குப் பொறுமை போயிருக்க வேண்டும்.

அதற்கு முன்பே ராஜேஸ்வரி ஒரு காரியம் செய்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விதிமுறை சொல்லி அதைத் தாமதப்படுத்தியிருப்பேன். ஒருநாள் பீலியடியில் துணி துவைக்கும்போது பெண்களிடம் கேட்டிருக்கிறாள்: "ஒரு குவியலுக்கு ஒரு காயிதம் போட்டாங்க. லயம் முழுக்கக் குவியல் வச்சா எத்தன காயிதம் போடுவாங்க?"

"காயிதம் தீர்ந்துரும்டி," என்றாளாம் மாரியாயி.

அந்த வாரமே தொடங்கிவிட்டார்கள். அவரவர் காம்பிராவுக்குப் பின்னால் அவரவர் குவியல். அவரவர் கழிவு, அவரவர் பொறுக்கிய மிலாறு. சீவல் எவ்வளவு போடுவது என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கானுக்குள் கழிவு விழுவது நின்றது. மழைக்குக் கான் அடைக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது, வழக்கமாக அதைத் தோண்டுகிற ஆள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கண்டாக்கு டிராக்டரில் வந்தார். முள்ளுக்கம்பிச் சுருள், கட்டை, நாலு ஆட்கள். ஆட்கள் மேல்லயத்துப் பையன்கள். ராஜேஸ்வரியைச் சித்தி என்றும் அத்தை என்றும் கூப்பிடுகிறவர்கள். வேலி போடச் சொல்லி அவர்களை அனுப்பியது நிர்வாகத்தின் சிக்கனம்.

பனி கடுமையாக இருந்தது. டிராக்டரில் இருந்து இறங்கிய கண்டாக்கு அப்படியே நின்றார். லயத்துப் பின்பக்கம் முழுக்க ஆவி. முதல் காம்பிராவில் இருந்து கடைசிக் காம்பிராவரை வரிசையாக, காலைப் பெரட்டுக்கு வேலையாட்கள் நிற்கிற மாதிரி, ஒவ்வொரு குவியலும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மேலே பங்களா விளிம்பில் யாரோ கெமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

ராஜேஸ்வரி பீலிக்குப் போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஊத்துங்க கண்டாக்கையா. எதுல மொதல்ல ஊத்தப் போறீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கிறதுதானே?"

"சீவல் எவ்வளவு போடணும்னு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன். வேலி போட உத்தரவு இருக்குங்களா?"

"தொரை சொன்னாரு."

"சொன்னத எழுதித் தரச் சொல்லுங்க. மேன்முறையீடு நிலுவையில இருக்கும்போது வேலி போடச் சொன்னேன்னு, தேதி போட்டு, கையெழுத்து வச்சி. வாங்கிக்கிட்டு நானே கம்பியப் புடிச்சித் தாறேன்."

"ஞாயித்துக்கிழம எங்க போய்க் கையெழுத்து வாங்குறது?"

"ஞாயித்துக்கிழம எதுக்குங்க வேலிக்கு வந்தீங்க?"

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்து அவரவர் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கோசம் ஒன்றும் இல்லை. கையில் அன்றைய கழிவு வாளி இருந்தது, அவ்வளவுதான். மாரியாயி மட்டும் வாளியைக் கவிழ்த்து, சீவலை அள்ளித் தூவிக்கொண்டே, "பேர் வெட்டுற ஆளுக்கு மண்ணு எதுக்குன்னு கேட்டீங்களாமே. எங்களுக்கும் பேர் வெட்டுற நாள் வரும். இப்பவே கேட்டு வச்சிக்கிறோம்," என்றாள்.

நாலு பையன்களில் ஒருவன் தோளில் இருந்த கட்டையை இறக்கினான். தரையில் போடவில்லை, டிராக்டரில் திரும்ப வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். ராஜேஸ்வரி அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கண்டாக்குவுக்கும் ஊற்றினாள். அவர் குடிக்கவில்லை, ஆனால் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார், குளிருக்கு.

கம்பிச் சுருள் வந்த டிராக்டரிலேயே போனது.

கிடைத்தது

தை மாதக் கடைசியில் ராஜேஸ்வரியின் பெயரை வெட்டினார்கள். படங்கை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, மறுநாள் விடியும்போது வழக்கம்போல எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு பின்பக்கம் இறங்கினாள். பழைய குவியல் அதற்குள் முழுக்க மண்ணாகிவிட்டிருந்தது. அதை அள்ளித் தட்டு முழுக்கப் பரப்பினாள். அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். லீக்ஸ் கொண்டுபோய் கொட்டகலை பஜாரில் விற்றாள். யாரும் வேலிக்கு வரவில்லை. வர மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை.

பதில் வந்தபோது அவள் போஞ்சிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். வாசித்துக் காட்டினேன். பரிசோதனை நடத்தப்பட்டதற்கான பதிவு காணப்படாமையால் மேற்படி அறிவித்தல் மீளப் பெறப்படுகிறது. இனிமேல் குப்பையை எரிப்பதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்.

"இனிமேலா?" என்றாள். "அப்ப நெலம்? நெலம் நமக்குன்னு எழுதியிருக்கா?"

"நெலத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "புடுங்குறேன்னும் எழுதலயே?"

"எழுதல."

"அப்ப இருக்கட்டும். எழுதுற வரைக்கும் நான் நடுறேன். எழுதினாலும் நடுவேன்." படியில் இறங்கியவள் திரும்பினாள். "நீ என்னா, திரும்பக் காயிதம் எழுதப் போறியா?"

"எழுதாம? இந்தத் துண்டு ராஜேஸ்வரியோட பராமரிப்புல இருக்குன்னு தோட்டத்தை எழுத்தில ஒத்துக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"குடுப்பானுங்களா?"

"மாட்டாங்க. மறுத்தா மறுத்ததுக்குக் காரணம் எழுதணும். அத வச்சிக்கிட்டு அடுத்தது கேப்பேன்."

"கேளு, கேளு. நல்லாக் கேளு," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

நான் பேனாவை எடுத்து, அலுவலகத்தில் செய்கிற மாதிரியே, கடிதத்தின் வலது மேல் மூலையில் சின்னதாகக் குறித்தேன்.

கிடைத்தது: பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள்.